பதிவான பாடத்துக்கும் வயது உண்டு

ஓய்வு பெற்ற பிறகு கணினித் திரைதான் என் கல்லூரி. 1964-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஃபைன்மன் ஆற்றிய ஏழு இயற்பியல் உரைகளையும் பார்த்து முடித்தேன். 2012-ல் கண்டறியப்பட்ட ஹிக்ஸ் துகள் அவற்றில் இல்லைதான். ஆனால் ஈர்ப்பு விசை பற்றிய முதல் உரை இன்னும் பழசாகவில்லை. பி.காம். படிக்கும் பேரன் கேட்ட மறைமுக வரிப் பாடமோ 2017 ஜூலைக்கு முன் பதிவானது. பாதி முடிந்த பிறகுதான் அதில் ஜி.எஸ்.டி. இல்லை என்று கவனித்தோம்!

1991 பொருளாதாரச் சீர்திருத்தம் பற்றி இன்னொரு தொடர். எதிர்த்தவர்களை ஒரே வரியில் கேலி செய்துவிட்டுப் போனார் பேராசிரியர். நான் சீர்திருத்தத்தை ஆதரித்தவன்; எனக்கே உறுத்தியது. வகுப்பறையில் ஒரு மாணவனாவது கை தூக்கியிருப்பான். பதிவில் அதற்கு வழியில்லை.

பேரனிடம் சொன்னேன்: முதலில் பதிவான ஆண்டைப் பார். பிறகு, எதிர்த்தரப்பே ‘ஆமாம், இதுதான் எங்கள் வாதம்’ என்று ஒப்புக்கொள்ளும்படி சொல்கிறாரா, பார்.