கூடாரமும் காவற்பரணும்

அண்மைக் காலத்தில் நம் நாட்டிற் பெருகிவரும் புதுவழக்கங்களுள் ஒன்று, பத்துப் பன்னிருவர் ஒருங்குகூடி, வழிகாட்டி ஒருவரை முன்னிட்டுக்கொண்டு காட்டகத்தே சென்று, கூடாரமடித்து இரவு தங்கி மீளுதல். 2018 ஆம் ஆண்டில் 23 இலட்சமாயிருந்த வெளிநாட்டார் வருகை, கொள்ளைநோயாலும் பொருளாதார நெருக்கடியாலும் வீழ்ந்து, 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைக் கடந்தது. அவருட் பலர் கடற்கரையோடு அமையாது காட்டையும் நாடுகின்றனர். நம் இளைஞரும் அவ்வழியே செல்கின்றனர். இவ்வழக்கத்தால் யாருக்கு நன்மை, யாருக்கு இடர் என்பதை மாத்தளை மாவட்டத்து வில்கமுவவை வைத்து ஆராய்வோம்.

வழிகாட்டியோடு குழுவாய்க் காடு கடத்தல் தமிழர்க்குப் புதிதன்று. ஆற்றுப்படை என்னும் இலக்கியவகை முழுதும் இப்பொருள் மேலது. பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம் 583 அடிகளிற் கூத்தர் குழுவொன்றை நன்னனது நாட்டுக்கு வழிப்படுத்துகின்றது. அந்நூலை மாணாக்கர்க்குப் பாடஞ்சொல்லுந்தோறும் யான் ஒன்றை வற்புறுத்துவதுண்டு. காட்சியின் சிறப்பைக் கூறும் அதே புலவர் வழியின் ஏதங்களையும் ஒன்றுவிடாமற் கூறுகின்றார். பன்றிக்கு வைத்த பொறி, பாம்புறையுங் குழி, வழுக்கும் பாறை, தினைக்காவலர் யானையை நோக்கி எறியுங் கவண்கல் வழிப்போக்கர் மேற் படுதல், இருட்டியபின் நடவாது குகையிலே தங்கவேண்டிய முறை ஆகிய யாவும் அங்கே வருகின்றன. அக்காட்டிலே பயிர்செய்து பிழைப்பார் உளர் என்பதும், அவருடைய காவலுக்கு இடையூறின்றி நடத்தல் வேண்டும் என்பதும் அவ்வழிகாட்டிக்குத் தெரியும். வில்கமுவவுக்கு இன்று செல்லும் குழுக்கள் பலவற்றுக்குக் குறைவாயிருப்பது இவ்வறிவே.

மாத்தளையினின்று இரத்தோட்டை வழியாக ரிவர்ஸ்டனைக் கடந்து, இலுக்கும்புர, பல்லேகம, ஹெட்டிபொல என இறங்கும் பாதை ஒரே நாளிற் பல திணைகளைக் காட்டவல்லது. நக்கிள்ஸ் மலைத்தொடரின் மேலே மூடுபனியும் ஈரக்காற்றும். சில மணி நேரத்திற் கீழே காய்ந்த புல்லும் முட்செடியும் வெடித்த குளப்படுகையும். இலங்கையிற் பாலைவனம் என ஒன்று இல்லை. ஆயினும், மலைநிலமும் காட்டுநிலமும் கோடையால் வளங்குன்றிய வழிப் பாலையாகும் என்று இளங்கோவடிகள் கொண்ட கருத்தை, ஆடி ஆவணித் திங்களில் அங்கே கண்ணாரக் காணலாம். வடகீழ்ப் பருவமழை விழுந்ததும் அதே நிலம் முல்லையாய்த் தளிர்க்கும். கால்வாய் நீர் பாயும் இடமெல்லாம் மருதமாகும்.

வில்கமுவவை அடுத்துக் கிடப்பது வஸ்கமுவ தேசிய பூங்கா. கிழக்கே மகாவலி கங்கையும் மேற்கே அம்பன் கங்கையும் எல்லையாக, ஏறத்தாழ 39,000 ஹெக்டேயர் பரப்புடையது. சிங்களத்திலே கரடியைக் குறிக்கும் ‘வலஸா’ என்னுஞ் சொல்லினின்றும் இப்பெயர் பிறந்தது என்பர். முன்னர் இயற்கை ஒதுக்கமாயும், பின்னர்க் கடும் இயற்கை ஒதுக்கமாயும் இருந்த இந்நிலம் 1984 ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தேசிய பூங்காவாயிற்று. அதன் காரணம் நினைவுகூரத்தக்கது. விரைவுபடுத்தப்பட்ட மகாவலித் திட்டத்தின் பொருட்டுப் பெருங்காடுகள் அழிந்து வயலும் குடியேற்றமுமாயின. அங்கு வாழ்ந்த விலங்குகட்குப் புகலிடம் வேண்டியே மாதுறு ஓயா, வஸ்கமுவ, வெள்ளச் சமவெளி, சோமாவதிய என்னும் நான்கு பூங்காக்கள் 1983 முதல் 1986 வரை அமைக்கப்பட்டன. நிலமிழந்த விலங்கும் புதுநிலம் பெற்ற உழவனும் அன்றுதொட்டு அயலாராயினர். யானையோ வரைபடத்திற் கீறிய கோட்டை அறியாது. அதன் பழைய தடத்திலே நெல்லும் சோளமும் விளைந்து நின்றால் அது வரவே செய்யும்.

சென்ற ஆண்டு ஆவணியில் ஆசிரியர் சிலரோடு யானும் அப்பக்கம் சென்றிருந்தேன். வேளாண்மைக்காரர் ஒருவர் தம் வயலோரத்து மரத்தின்மேற் கட்டிய காவற்பரணைக் காட்டினார். நான்கு கொம்பு, ஓலைக்கூரை, ஒரு சாக்கு, ஒரு கைவிளக்கு, சில யானைவெடிகள். இவ்வளவே அவருடைய பாசறை. “நீங்கள் யானையைக் காண்பதற்குப் பணங் கொடுக்கின்றீர்கள் ஐயா, நாங்கள் அதைக் காணாதிருக்க நேர்த்திக்கடன் வைக்கின்றோம்” என்று சிங்களத்திற் கூறி நகைத்தார். அவ்வூர்ப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் சொன்னது இன்னும் நெஞ்சை உறுத்துகின்றது. இரவில் யானை வந்த மறுநாள் வகுப்பிற் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை, வந்தவரும் உறங்கிவிடுகின்றனராம். அன்றிரவு நாங்கள் தங்கிய இடத்துக்கு அயலே மற்றொரு குழுவினர் ஒலிபெருக்கியில் இசை முழக்கி நள்ளிரவு வரை ஆடினர். பரணிலிருந்து காவல் செய்பவனுக்குக் கிளை முறியும் ஓசையே எச்சரிக்கை. அவ்வோசையை அவன் செவியினின்றும் மறைப்பது, அவன் வீட்டுக் கதவைத் திறந்துவிடுவதை ஒக்கும்.

இஃது ஓரூர்த் துயரன்று. 2011 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இலங்கையின் காட்டு யானைகள் 5,879 என மதிக்கப்பட்டன. 2023 ஆம் ஓராண்டில் மட்டும் 450 இற்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானையால் இறந்த மனிதரும் 150 இற்கு மேற்பட்டனர். துப்பாக்கிச் சூடும், வீட்டு மின்சாரத்தை இழுத்துக் கட்டிய கம்பியும், உணவினுள் மறைத்து வைக்கும் ‘ஹக்க பட்டாஸ்’ என்னும் வாய்வெடியும் யானைகட்குக் கூற்றமாயின. வாய் சிதைந்த யானை உண்ணமாட்டாது பல நாள் வருந்தி மடிகின்றது. அக்கொடுமையை எவ்வாற்றானும் நியாயப்படுத்தல் இயலாது. ஆயினும், ஒரு போகத்து விளைவை ஓரிரவில் இழந்தவனுக்கு அறிவுரை மட்டும் போதாது.

2020 இல், கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவைத் தலைவராகக் கொண்ட குழு, யானை மனித முரண்பாட்டைத் தணித்தற்குரிய தேசியத் திட்டமொன்றை வகுத்தது. யானை நடமாடும் நிலத்திற் பெரும்பகுதியில் மக்களும் வாழ்வதால், யானைகள் அனைத்தையும் பூங்காவினுள் ஓட்டி அடைத்தல் ஆகாது. திணைக்களத்து எல்லைக்கோட்டிலே வேலியிடுவதை விடுத்து, ஊரையும் வயலையும் சுற்றி, ஊரவரே பேணும் மின்வேலி அமைத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். ஆளில்லாக் காட்டினுள் நிற்கும் வேலியைச் செடி மூடும், யானை தள்ளும். தன் வயலைச் சுற்றிய வேலியையோ உழவன் நாள்தோறும் பார்ப்பான். வேலியின் வலிமை அதைப் பேணுவார் கையில் உள்ளது.

வஸ்கமுவவில் வேறு முயற்சிகளும் நடந்துள்ளன. இலங்கை வனவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தார், யானை விரும்பாத தோடை மரங்களை வளர்க்க உழவரை ஊக்கினர். யானைத் தடத்தைக் கடந்து பாடசாலை செல்லும் பிள்ளைகட்காகப் பேருந்தொன்றையும் ஓட்டினர். யானையின் வழியை மறியாது, மனிதர் அவ்வழியை அஞ்சாது கடத்தற்கு அப்பேருந்து உதவியது. சிறிய செயலேனும் நுண்ணறிவுடையது.

பிறநாட்டு அனுபவமும் ஈண்டுக் கருதற்பாலது. அவுஸ்திரேலியாவில், நடுப்பாலையிலுள்ள அலிஸ் ஸ்பிரிங்ஸ் நகருக்கும் வடக்கே வெப்பமண்டலக் கரையிலுள்ள டார்வின் நகருக்கும் இடையே, வழிகாட்டியோடு கூடாரப் பயணஞ் செய்யும் குழுக்கள் பல. பாலையிலே நிற்கும் 348 மீற்றர் உயரமான உளுறுப் பாறை அனங்கு மக்களுக்குப் புனிதமானது. 1985 ஒக்டோபர் 26 இல் அந்நிலவுரிமை அவர்கட்கு மீளக் கிடைத்தது. அவர்கள் பெரும்பான்மையினராய் அமர்ந்த பூங்காச் சபையின் முடிவின்படி, 2019 ஆம் ஆண்டு அதே நாளிற் பாறைமேல் ஏறுதல் நிறுத்தப்பட்டது. அதனாற் பயணம் நின்றுவிடவில்லை. இன்றும் மக்கள் அடிவாரத்தைச் சுற்றி நடந்து, அந்நிலத்தாரிடமே அதன் கதையைக் கேட்கின்றனர். விருந்தினர் எங்கே நிற்கவேண்டும் என்பதை வீட்டார் சொல்லுதல் முறைதானே?

வில்கமுவவிலும் அம்முறை வரவேண்டும். பூங்காவினுட் கட்டுப்பாடு உண்டு. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி பெற்றே கூடாரமடிக்கலாம். கண்ட இடத்தில் வாகனத்தினின்றும் இறங்குதல் குற்றம். எல்லைக்கு வெளியே, வயலோரத்திலும் ஆற்றங்கரையிலும் கூடாரம் எழும்போதே இடர் மிகுகின்றது. அங்கே குழுவை அழைத்துச் செல்லும் வழிகாட்டிகளுள் அவ்வூராரும் இருத்தல் வேண்டும். கூடாரமடிக்குமுன் ஊர்க் கமக்காரர் அமைப்பின் இசைவு பெறுதல் வேண்டும். இருட்டியபின் ஒலிபெருக்கி கூடாது. உணவு மிச்சத்தை வெளியே எறிதலும் கூடாது, அது யானையை மனிதர் இருக்கைக்குப் பழக்கிவிடும். எல்லாவற்றினும் மேலாக, பயணி செலுத்தும் பணத்தில் ஒரு பங்கு அவ்வூர் மின்வேலிக்குச் சட்டப்படி சேர்தல் வேண்டும். யானை உயிரோடிருப்பதால் ஊருக்கு வருவாய் உண்டு என்று கண்டவன் வாய்வெடி வைக்கத் தயங்குவான்.

காடு காணச் செல்வோரைத் தடுத்தல் என் கருத்தன்று. நாற்சுவருள் வளரும் நம் மாணாக்கர் யானையின் பிளிறலையும் மயிலின் அகவலையும் நேரிற் கேட்டல் நன்று. சங்க நூலும் அவர்க்கு அப்போதே முழுதும் விளங்கும். அவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர் பகலிற் பூங்காவைக் காட்டுக. மாலையில் ஒரு நாழிகையேனும் அக்காவற்பரணின் கீழ் நிறுத்தி, அதில் இருப்பவர் பேச்சைக் கேட்பிக்க. பயணி விரும்பியபோது கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். பரணிலிருப்பவருக்கு அறுவடை முடியும்வரை விடுமுறையில்லை.