‘பயில்கிறார்’ என்று பதிய எத்தனை மாதம் ஆகும்?

கல்லூரி அலுவலகக் கணினியில் ஒவ்வொரு மாணவரின் பெயருக்கு எதிரிலும் அவருடைய நிலையைப் பதிய வேண்டும். பயில்கிறார், இடைநின்றார், வேறு கல்லூரிக்கு மாறினார், படிப்பை முடித்தார் என ஏதாவது ஒன்று. சில நிமிட வேலைதான். அப்பா சம்பளத்தில் கட்டணம் கட்டும் மாணவருக்கு இந்தப் பதிவு ஆறு மாதம் தாமதமானாலும் ஒன்றும் ஆகாது. கல்வி உதவித்தொகையை நம்பிப் படிக்கும் தலித் மாணவருக்கு அந்த ஆறு மாதமும் கடன்தான். எல்லோருக்கும் பொதுவான அலுவலகத் தாமதம் என்று நாம் நினைப்பது உண்மையில் எல்லோருக்கும் பொதுவானது அல்ல.

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாயைத் தாண்டக் கூடாது. இதில் ஒன்றிய அரசின் 60 விழுக்காட்டுப் பங்கு 2021-22 முதல் நேரடியாக மாணவரின் வங்கிக் கணக்குக்கு வருகிறது. நல்ல மாற்றம்தான். ஆனால் இவர் இங்கே படிக்கிறார் என்று கல்லூரி உறுதிசெய்ய வேண்டும். அது தாமதமானால் பணமும் தாமதமாகும். தேர்வுக் கட்டணத்துக்கான கெடுவோ விடுதிச் சாப்பாட்டுப் பாக்கியோ அதுவரை காத்திருக்காது.

ஆய்வு மாணவர்களின் நிலையும் இதுதான். இளநிலை ஆய்வாளருக்கான மாதத் தொகை 2023 ஜனவரி முதல் 37,000 ரூபாய். பல்கலைக்கழகம் உறுதிசெய்யாமல் அது வராது. இரண்டு ஆண்டுகள் முடிந்ததும் முதுநிலை ஆய்வாளராக நிலை மாற வேண்டும். என்னுடைய அந்தக் கோப்பு ஒரு மேசையில் மாதக்கணக்கில் கிடந்தது. கேட்கும்போதெல்லாம் ‘புராசஸ்ல இருக்கு’ என்பதுதான் பதில். வாடகையை நண்பர்கள் கொடுத்தார்கள். 2016 ஜனவரி 17 அன்று இறந்த ரோகித் வெமுலா, தனக்கு ஏழு மாத ஆய்வுத்தொகை, 1.75 லட்சம் ரூபாய், வர வேண்டியிருப்பதைத் தன் கடைசிக் கடிதத்தில் குறிப்பிட்டிருந்தார். தாமதம் என்ற சொல்லை நான் சாதாரணமாகக் கடந்து போகாததற்கு அதுவும் ஒரு காரணம்.

படிப்பவரைப் பதிவதில் இந்த நிலை என்றால், வெளியேறியவரைப் பதிவதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. ஐந்து ஆண்டுகளில் மத்தியப் பல்கலைக்கழகங்கள், ஐ.ஐ.டி.க்கள், ஐ.ஐ.எம்.களில் இருந்து பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்ட மாணவர்கள் 13,600க்கும் மேற்பட்டோர் வெளியேறியதாக 2023 டிசம்பரில் ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. கூடவே, மாணவர்களுக்குப் பல வாய்ப்புகள் இருப்பதால் வேறு நிறுவனங்களுக்கும் படிப்புகளுக்கும் மாறுகிறார்கள் என்று விளக்கமும் தந்தது. மாறியவர்கள் எத்தனை பேர், துரத்தப்பட்டவர்கள் எத்தனை பேர்? காரணத்தைப் பதியாத வரை எந்த அரசும் இந்த விளக்கத்தையே சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். 2020 தேசியக் கல்விக் கொள்கை முதலாண்டோடு வெளியேறுபவருக்குச் சான்றிதழும் இரண்டாம் ஆண்டோடு வெளியேறுபவருக்குப் பட்டயமும் தரச் சொல்கிறது. இனி இடைநிற்றலே கணக்கில் ஒரு தேர்ச்சியாக மாறிவிடும்.

அப்படியானால் வேகமாகப் பதிந்தால் போதுமா? போதாது. போராட்டத்தில் நின்றவரின் பெயரையும் கட்டணம் கட்ட முடியாதவரின் பெயரையும் நீக்குவதில் நிர்வாகங்கள் ஏற்கெனவே வேகமாகத்தான் இருக்கின்றன. மாறாக, வேறு கல்லூரிக்குப் போக நினைப்பவருக்கு மாற்றுச் சான்றிதழ் தர இழுத்தடிக்கின்றன. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018லேயே அறிவித்திருக்கிறது. ஆகவே வேகத்தோடு மாணவரின் உரிமையும் சேர வேண்டும்.

தொழில்நுட்பம் இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் உயர்கல்வி மாணவர்களின் விவரங்களுக்காக யூமிஸ் தளம் இருக்கிறது. புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் மாணவர் கணக்குக்கே போகிறது. இந்த வசதியை வைத்தே நான்கு காரியங்களைச் செய்யலாம். மாணவரின் நிலையை உறுதிசெய்யக் கல்லூரிக்குக் கெடு விதிக்க வேண்டும். கெடு தவறினால் அதன் சுமை மாணவர்மேல் விழாமல் கல்லூரியே பதில் சொல்ல வேண்டும். ‘இடைநின்றார்’ என்று பதியும் முன் மாணவருக்குத் தெரிவித்து, மறுக்க அவகாசம் தர வேண்டும். வெளியேறியதற்கான காரணத்தைச் சாதிப்பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.

இதற்காகக் காத்திருக்கவும் தேவையில்லை. அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ படிப்பவர்கள், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு போடுங்கள். முதலாமாண்டில் எத்தனை தலித், பழங்குடி மாணவர்கள் சேர்ந்தார்கள், இறுதியாண்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், இல்லாதவர்களின் பெயருக்கு எதிரே என்ன காரணம் பதிந்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 30 நாளுக்குள் அவர்கள் பதில் சொல்லியாக வேண்டும்.