கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தின் கடன்

சர்வகலாசாலை என்று நம் முன்னோர் வழங்கியதனை நாம் பல்கலைக் கழகம் என்று வழங்கி வருகின்றோம். வடசொல்லைத் தமிழாக்கியது நன்றே. ஆயினும் அம்மாற்றத்திற் பொருள் சிறிது சுருங்கிற்று என்பதனைப் பலர் நோக்கியிரார். ‘சர்வம்’ எனின் எல்லாம். ‘பல்’ எனின் பல. பலவற்றுள் ஒன்றிரண்டை வேண்டாவென விலக்கினும் எஞ்சுவன பலவே. எல்லாவற்றுள் ஒன்றை விலக்கினும் எஞ்சுவது எல்லாம் ஆகாது. கத்தோலிக்கம் என்னும் சொல்லும் அத்தகையதே. அனைத்தையும் தழுவியது என்பதே அக்கிரேக்கச் சொல்லின் பொருள். அங்ஙனமாயின், கத்தோலிக்கத் திருச்சபை தன் பெயரால் ஒரு பல்கலைக் கழகம் நிறுவுங்கால் அதன் கடன் யாது? சமயத்தைக் காத்தலா? பிழைப்புக்கு வழி காட்டுதலா? அன்றி, எல்லாக் கலைகளுக்கும் ஒரு கூரையின்கீழ் இடமளித்தலா?

இஃது எனக்கு வெறும் ஏட்டு வினா அன்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பிற் சேர்ந்த நாளில், என்பால் மிக்க அன்புடைய என் பெரியப்பா, “தம்பி, தமிழ் படித்து என்ன செய்யப் போகின்றாய்? வணிகவியலாவது கணினியாவது எடுத்திருக்கலாகாதா?” என்று வினவினார். இகழ்ந்து கேட்டாரல்லர், என் வாழ்வைக் கருதியே கேட்டார். யான் விடை கூறாது நின்றேன். பின்னர், அயர்லாந்து நாட்டின் டப்ளின் நகரில் எழுந்த ஒரு பல்கலைக் கழகத்தின் வரலாற்றைப் படித்தபோது, அவ்வினா அங்கும் கேட்கப்பட்டது என்றும், அதற்கு ஒருவாறு விடையும் கூறப்பட்டது என்றும் அறிந்தேன். அவ்வரலாற்றையும், அதுபற்றி என் சிற்றறிவிற்குத் தோன்றியதனையும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

அயர்லாந்து மக்களுட் பெரும்பாலார் கத்தோலிக்கர். ஆயின் அந்நாட்டின் பழம்பெருங் கலைக்கூடமாகிய டிரினிட்டி கல்லூரி, 1592இல் நிறுவப்பட்ட நாள்தொட்டுப் புரொட்டஸ்டண்டு சபையினர் வசமே இருந்தது. 1793 முதற் கத்தோலிக்கர் ஆங்குப் பட்டம் பெறலாயினும், அதன் உயர் பதவிகளும் உதவிச் சம்பளங்களும் அவர்க்கு நெடுங்காலம் அடைபட்டே கிடந்தன. 1845இல் ஆங்கில அரசு பெல்பாஸ்ட், கார்க், கால்வே என்னும் மூன்று நகரங்களிற் சமயச் சார்பற்ற கல்லூரிகளை நிறுவச் சட்டம் இயற்றிற்று. இறையியலுக்கு இடமில்லாத அக்கல்லூரிகளை ஆயர்கள் ஏற்றிலர். 1850இல் தர்லஸ் என்னும் ஊரிற் கூடிய ஆயர் பேரவை, கத்தோலிக்கர்க்கெனத் தனிப் பல்கலைக் கழகம் காணத் தீர்மானித்தது. அப்பணிக்குத் தலைமை தாங்குமாறு பேராயர் பால் கல்லன் அழைத்தவர், ஆக்ஸ்போர்டில் ஆசிரியராய் விளங்கி 1845இற் கத்தோலிக்கத் திருச்சபையிற் சேர்ந்த ஜான் ஹென்றி நியூமன் என்னும் ஆங்கிலேயர்.

அது எத்தகைய காலம் என்பதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். 1845இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தால் அந்நாட்டில் ஏறத்தாழ 10 இலட்சம் மக்கள் மாண்டனர். ஏறத்தாழ அத்துணைப் பேரே கப்பலேறிப் பிற நாடு சென்றனர். அத்தகைய நாட்டில், கோயில் வாயிலில் ஏழைகள் இட்ட காசுகளும், கடல்கடந்து சென்றோர் அனுப்பிய பொருளும் கொண்டு ஒரு பல்கலைக் கழகம் எழுப்பப்பட்டது. பட்டினியாற் செத்த ஊரில் இலக்கியம் எற்றுக்கு என்று எவரேனும் கேட்டிருப்பின் அவரைக் குறை கூறல் இயலாது.

1852இல் டப்ளின் மக்கள்முன் நியூமன் நிகழ்த்திய சொற்பொழிவுகளே அதற்கு விடையாய் அமைந்தன. அவர்தம் கருத்தின் சாரம் இது. அறிவு என்பது ஒரே நிலப்பரப்பு. அதன் துறைகள் ஒன்றையொன்று தாங்கியும் திருத்தியும் நிற்பன. யாதானும் ஒரு துறையை விலக்கினால், அவ்விடம் வெறுமையாய்க் கிடவாது. பிற துறைகள் தம் எல்லை கடந்து அதனைக் கவர்ந்துகொள்ளும். நம்மூர் வழக்கிற் கூறின், ஒரு வயல் உழுவாரின்றிக் கிடப்பின், அண்டை வயற்காரர் ஆண்டுதோறும் வரப்பைச் சிறிது சிறிதாகத் தள்ளிப் போடுவர். இறையியலை விலக்கிய கல்லூரியில் இறைவனைப் பற்றிய பேச்சு ஒழிந்துவிடாது. அதற்குரிய பயிற்சி இல்லாத பிற துறையாளர் அதனைப் பேசுவர். ஆதலின் இறையியலுக்கு இடம் வேண்டும் என்றார் நியூமன். மேலும், அறிவு தன்னளவிலேயே விரும்பத்தக்கது. ஒரு தொழிலுக்குக் கருவியாகும்போது மட்டுமே அது மதிப்புப் பெறுவதன்று என்றும் வற்புறுத்தினார்.

ஈண்டு ஒரு தடை எழும். இறையியலே வரப்பைத் தள்ளினால் என் செய்வது? இத்தடை பொய்யன்று. 1633இற் கலிலேயோவுக்கு நேர்ந்ததனை யாவரும் அறிவர். அப்பிழையைத் திருச்சபை வெளிப்படையாக ஒப்புக்கொள்ள 1992 வரை சென்றது. ஆனால் நியூமன் கூறிய நெறி இருபுறமும் கூர்மையுடைய வாள் என்பதே என் துணிபு. இறையியலை விலக்கலாகாது என்னும் அதே நெறி, இறையியல் பிற துறைகளின் எல்லையிற் புகலாகாது என்றும் கூறுகின்றது. பெல்ஜியம் நாட்டு லூவேன் கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தில் ஆசிரியராயிருந்த ஜார்ஜ் லெமேத்தர் என்னும் குருவானவர் இதற்குச் சான்று. அண்டம் விரிந்து வருகின்றது என்று 1927இல் எழுதியவர் அவர். 1951இற் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் அத்தகைய ஆராய்ச்சியைப் படைப்புக் கொள்கைக்கு அரணாக எடுத்துப் பேசியபோது, லெமேத்தர் மகிழ்ந்தாரல்லர். தம் கொள்கை சமய வினாக்களுக்குப் புறம்பானது என்பதே அவர் நிலை. குருவே வரப்பைக் காத்தமை போற்றற்குரியது.

டப்ளின் பல்கலைக் கழகம் 1854 நவம்பரில் வகுப்புகளைத் தொடங்கிற்று. இறையியல், சட்டம், மருத்துவம், மெய்யியலும் இலக்கியமும், விஞ்ஞானம் என ஐந்து துறைகள் வகுக்கப்பட்டன. இவற்றுள் என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது, அயர்லாந்து வரலாற்றுக்கும் தொல்பொருளுக்கும் என அமைத்த ஆசிரியர் பதவியாகும். அதனைப் பெற்றவர் யூஜின் ஓ கரி என்பார். கல்லூரி வாசலை மிதியாதவர். பட்டம் ஏதும் இல்லாதவர். பழைய ஏடுகளைத் தேடிப் படித்தும் படியெடுத்தும் தாமே புலமை பெற்றவர். பஞ்சத்தாற் பேசுவாரை இழந்து தேய்ந்துகொண்டிருந்தது அவர்தம் தாய்மொழி. அதன் பழஞ்சுவடிகளைப் பற்றி அவர் 1855, 1856ஆம் ஆண்டுகளில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1861இல் நூலாயின. அம்மொழி அறியாத ஆங்கிலேயராகிய நியூமன், அச்சொற்பொழிவுகளுக்குத் தவறாது வந்தமர்ந்து கேட்டு ஊக்கினார் என்று ஓ கரியே நன்றியுடன் எழுதியுள்ளார்.

இதனைப் படிக்கும் தமிழ் மாணவன் எவனுக்கும் உ. வே. சாமிநாதையர் நினைவு வாராதிராது. செல்லரித்த சுவடிகளைத் தேடி ஊர் ஊராய் அலைந்து 1887இற் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த பெருமகனார்க்கும் ஓ கரிக்கும் நாடு வேறு, மொழி வேறு; பணி ஒன்றே.

டப்ளின் பல்கலைக் கழகம் வென்றதா? உடனே வென்றதெனக் கூறுதல் உண்மையாகாது. பட்டம் வழங்கும் உரிமைச் சாசனத்தை அரசு அதற்கு நல்கவில்லை. அரசு ஏற்காத பட்டத்திற்குப் பிள்ளைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கினர். இலக்கிய வகுப்புகளில் மாணாக்கர் தொகை பெருகவில்லை. செசீலியா தெருவில் 1855இல் திறக்கப்பெற்ற மருத்துவப் பள்ளி மட்டும் செழித்தது. ஏனெனில் அங்குப் பயின்றோர் மருத்துவச் சங்கங்களின் தேர்வெழுதித் தொழில் நடத்தும் உரிமை பெறக் கூடியதாயிருந்தது. 1858இல் நியூமன் தம் பதவியை விட்டு நீங்கினார். என் பெரியப்பா இவ்வரலாற்றைக் கேட்பின், “பார்த்தாயா?” என்பார்.

அவர் கூற்றிலும் உண்மையுண்டு. நியூமனிடத்தும் குறையுண்டு. உயர்குடி மாந்தர் பயின்ற ஆக்ஸ்போர்டின் சாயலைப் பஞ்சத்தில் நைந்த நாட்டில் அவர் தேடினார். மகளிர்க்கு அவர்தம் பல்கலைக் கழகத்தில் இடமில்லை. எல்லாம் என்ற சொல்லை அவரே முழுமையாகக் கடைப்பிடித்தாரல்லர் என்று எனக்குத் தோன்றுகின்றது. மருத்துவப் பள்ளியை இழித்துரைத்தலும் தகாது. நோய் தீர்ப்பதும் அருட்பணியே. தொழிற்கல்வி வேண்டா என்பார் பசியறியாதார்.

ஆயினும், அதற்கடுத்த வரலாறும் உண்டு. 1883இல் அக்கல்லூரி இயேசு சபைக் குருக்கள் பொறுப்பிற்கு வந்தது. அங்கே கிரேக்கம் கற்பித்தவர் கவிஞர் ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ். பிற்காலத்தில் அங்கே மாணவராய்ப் பயின்றவர் ஜேம்ஸ் ஜாய்ஸ். 1908இல் அயர்லாந்துத் தேசியப் பல்கலைக் கழகம் அமைந்தபோது, சமயச் சார்பற்ற அவ்வமைப்பில் டப்ளின் பல்கலைக் கழகக் கல்லூரி ஓர் உறுப்பாயிற்று. அங்கே தற்கால அயர்லாந்து மொழியின் முதற் பேராசிரியராயிருந்த டக்ளஸ் ஹைடு என்பார், புரொட்டஸ்டண்டு குரு ஒருவரின் மைந்தர், 1938இல் நாட்டின் முதற் குடியரசுத் தலைவரானார். நியூமன் காலத்தில் வகுப்பு நடந்த செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன் மாளிகையில் 2019 முதல் அயர்லாந்தின் இலக்கியக் காட்சியகம் நடைபெறுகின்றது. அதே ஆண்டில் நியூமன் புனிதர் எனப் போற்றப்பெற்றார்.

இவற்றைக் காட்டி, இலக்கியமும் பிற்காலத்திற் பயன் தரும் என்று வாதிட்டு வெல்வது என் கருத்தன்று. அங்ஙனம் வாதிடின், பயனே அளவுகோல் என்று ஒப்புக்கொண்டவனாவேன். ஓ கரியின் வகுப்பில் அமர்ந்த சிலர்க்கு எவ்வித ஊதியமும் கிடைத்திராது. ஆனால் தம் முன்னோர் எழுதிவைத்தது யாது என்று அவர்கள் அறிந்தார்கள். உணவில்லாதவனுக்கு உணவு அளித்தல் கடன். நீ யார் என்பதனை மறவாமற் காத்தலும் கடன். முன்னதற்காகப் பின்னதனைக் கைவிடும் நிறுவனம், சிலுவையை வாயிலில் நட்டிருப்பினும், தன் பெயரின் பாதியை இழந்ததாகும்.

1990இற் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் கத்தோலிக்கப் பல்கலைக் கழகங்கள் பற்றி விடுத்த சாசனமும், அறிவுத் துறைகளை ஒருங்கிணைத்து நோக்குதல், விசுவாசமும் பகுத்தறிவும் உரையாடுதல், ஒழுக்கத்தைக் கருதுதல், இறையியல் நோக்கு என்பவற்றை அவற்றின் ஆராய்ச்சிக்குரிய கூறுகளாக வகுத்துக் கூறுகின்றது. ஒருங்கிணைக்க வேண்டுமெனின், முதற்கண் எல்லாத் துறைகளும் அங்கே இருத்தல் வேண்டுமன்றோ? மாணாக்கர் நிரம்பாத துறையை மூடி, நிரம்பும் துறைக்கு மாடி கட்டுதல் எளிது. சந்தையும் அதனைச் செய்யும். அதற்கொரு திருச்சபை வேண்டுவதில்லை. ஆதலின் ஒரு கத்தோலிக்கப் பல்கலைக் கழகத்தின் தகுதியை அளக்க விரும்புவோர், அதன் கோயிற் கோபுரத்தை நோக்க வேண்டா. மிகக் குறைந்த மாணாக்கர் உள்ள வகுப்பறையை நோக்குக. அங்கே விளக்கெரிந்து கொண்டிருப்பின், அப்பல்கலைக் கழகம் தன் கடனை மறவாதிருக்கின்றது என்று துணியலாம்.

நம் கல்லூரியும் மிஷன் கல்லூரியே. இவ்வளவுகோல் நமக்கும் பொருந்தும். அடுத்த விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது, பெரியப்பா மீண்டும் அவ்வினாவை எழுப்புவார் என்பதில் ஐயமில்லை. இம்முறை யான் தலைகுனியேன். ஓ கரியின் கதையை அவர்க்குச் சொல்லுவேன். அவர் ஒப்புக்கொள்வாரோ, அறியேன். ஆனால் இருந்து கேட்பார்.