பிடி மாறிய கத்தி

தொண்டைமானாற்றில் காடும் இல்லை, வேட்டையும் இல்லை. கடல் இருக்கிறது, கடனீரேரி இருக்கிறது, சந்நிதி முருகன் இருக்கிறார். ஆயினும் எங்கள் வீட்டில் ஒரு வேட்டைக் கத்தி ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளாக இருந்து வருகிறது. கப்பலில் பணியாற்றிய என் தந்தையார் 1970களில் ஹம்பேர்க் துறைமுகத்துக் கடையொன்றில் வாங்கி வந்தது. அலகில் சோலிங்கன் என்ற பெயர் பொறிக்கப்பட்டுள்ளது. அந்தப் பெயரை வேறு ஊரார் தம் கத்திகளில் பொறிக்கலாகாது என்று ஜேர்மனியர் 1938 இலேயே சட்டம் செய்துவிட்டனர். அத்தனை பெருமை வாய்ந்த அக்கத்தி எங்கள் வீட்டில் வெட்டியதெல்லாம் பாரை மீனும் நுங்கும் பலாப்பழமுமே.

அதன் பிடி தோல் வளையங்களை அடுக்கி இறுக்கியது. பார்வைக்கு அழகு. ஆனால், உப்புக்காற்று வீசும் எங்கள் கரைக்கு ஆகாது. தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உள்ளே செல்லும் இரும்பு வால் வெளியே தெரியாமலே துருப்பிடிக்கும். போதாததற்கு, 1996 இல் வடமராட்சி இராணுவக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபோது, இப்படியொரு கத்தி வீட்டில் இருப்பதற்கு விளக்கம் சொல்லும் துணிவு எங்களில் எவருக்கும் இருக்கவில்லை. தாயார் அலகுக்குக் கிறீஸ் பூசி, பொலித்தீனில் சுற்றி, வடலியடியில் புதைத்துவிட்டார். 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின் தோண்டி எடுத்தோம். அலகில் சில கறைகள் மட்டுமே. தோல் மக்கிக் கையோடு உதிர்ந்தது.

பின்னர் அது ஒரு லாச்சிக்குள் கிடந்தது. கடந்த ஆண்டு பிடி மாற்ற எண்ணியபோது கேட்டவர் எல்லோரும் ஒரே பதிலைச் சொன்னார்கள்: "என்ன அண்ணை, அந்தக் காசுக்குப் புதுக் கத்தி வாங்கலாமே!" இந்தப் பதிலோடுதான் எனக்கு வழக்கு.

தொழிற்சாலை செய்கின்ற உருக்கு அலகை ஊர்ப் பட்டறையில் எளிதில் செய்துவிட முடியாது. அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால், தொழிற்சாலைப் பிடி ஒரு சராசரிக் கைக்குச் செய்யப்படுவது. சராசரிக் கையுடைய மனிதர் ஒருவரையும் நான் கண்டதில்லை. பிடி மாற்றுவதை ஒட்டுப்போடும் வேலையாக நினைக்கிறோம். பாதியில் நின்ற வேலையை முடிப்பது என்றே நான் சொல்வேன்.

1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில், பற்றரி முதல் சீமெந்து வரை வர மறுத்த அந்த ஆண்டுகளில், மண்வெட்டிக்கும் கோடரிக்கும் கத்திக்கும் பிடி மாற்றாத வீடு யாழ்ப்பாணத்தில் இருந்திருக்காது. அதைப் பொற்காலமென்று பாட மாட்டேன். வேறு வழி இருக்கவில்லை, அவ்வளவே. எனினும், பக்கத்து வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் 1938 இல் அத்திலாந்திக்கைக் கடந்து அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. அத்தகைய கரையில் ஒரு கத்திக்குப் பிடி போட ஆள் தேடி இரண்டு மாதம் அலைந்தேன் என்றால், எங்கோ பிழை இருக்கிறது.

கடைசியில் எழுபது வயதைத் தாண்டிய தச்சர் ஒருவர் கிடைத்தார். உறவினர் ஒருவர் மான்கொம்பு தருவதாகச் சொன்னார். ஒரு கத்திப்பிடிக்காக நீதிமன்றப் படியேற நான் ஆயத்தமில்லை. எனக்குப் பனை வைரத்தில் ஆசை. தச்சர் சிரித்தார். "தம்பி, பனை சிம்பு சிம்பாய்ப் போகும். புளிதான் நிண்டு பிடிக்கும்." காய்ந்த புளியின் வைரத்தை எடுத்தார். என் வலக்கையைப் பற்றி, நாலு விரலின் அகலத்தை ஓர் ஈர்க்கில் அளந்து முறித்து வைத்துக்கொண்டார். வாலைச் சுரண்டித் துரு நீக்கி, அதைவிடச் சற்றே ஒடுக்கமாகத் துளையிட்டார். சூடு அலகுக்கு ஏறினால் பதம் போய்விடும் என்று ஈரச் சாக்கால் அலகைச் சுற்றிவிட்டு, வாலைக் காய்ச்சித் துளைக்குள் சுட்டு இறக்கினார். இடைவெளிக்கு அரக்கும் செங்கற்பொடியும். வாய்க்குப் பித்தளைப் பூண்.

கேட்ட கூலி ஒரு புதுக் கத்தியின் விலையைவிடச் சற்று அதிகம். வீட்டில் முணுமுணுத்தார்கள். கைத்தொழில் அழிகிறதே என்று மேடையில் கண்ணீர் வடிக்கும் நாங்கள், அதற்குரிய விலையைக் கேட்டால் முகம் சுழிக்கிறோம். காசை மட்டுமா மறுத்தோம்? எங்கள் பாட்டன்மாருக்குக் கலப்பை செய்து கொடுத்த தச்சரும் கொல்லரும் முற்றத்தில் நின்று நெல் வாங்கிச் சென்றவர்கள். அவர்களுடைய பிள்ளைகள் உளியையும் சம்மட்டியையும் கைவிட்டார்கள் என்றால், அவர்களைக் குறைசொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. பரம்பரைத் தொழில் பரம்பரையில் நிலைக்க வேண்டும் என்ற பேச்சும் எனக்கு உடன்பாடில்லை. இத்தொழிலைத் தொழில்நுட்பக் கல்லூரியில் எவர் பிள்ளைக்கும் கற்பிக்கலாம். கற்றவருக்குக் கேட்ட கூலியைக் கொடுக்கலாம்.

வேலை முடிந்து கத்தியை அவரே வீட்டுக்குக் கொண்டுவந்தார். விறாந்தையில் கதிரையை இழுத்துப் போட்டேன். இரண்டாம் முறை சொன்ன பின்னரே இருந்தார். பேரன் வங்கியில் வேலை பார்ப்பதாகத் தேநீர் குடித்தபடி சொன்னார். "கதிரையிலை இருந்து செய்யிற வேலை" என்றார்.

மறுநாள் கத்தி பாரை மீனில் இறங்கியது. நாலு விரலும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன.