வாசலில் மட்டும் ஏன் ஆங்கிலம்?

புதுவைத் தெருமுனைகளில் நீல நிறப் பெயர்ப்பலகைகளைப் பார்க்கிறோம். ஒரே பலகையில் தமிழும் பிரெஞ்சும் இருக்கின்றன. பிரெஞ்சுக்காரன் 1954-ல் மூட்டை கட்டினான். அவன் ஆண்ட தெருவிலேயே தமிழுக்கு இடம் உண்டு. ஆனால் கைப்பேசிக்குள் இருக்கும் தெருவில்? ரேஷன், ஓய்வூதியம் என்று எதைத் தேடிப் போனாலும் வாசலில் ஆங்கில எழுத்துதான் நிற்கிறது.

இது ஒரு பெரிய விஷயமா என்று கனவான்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு ஆங்கிலம் தெரியும், கேட்பார்கள்! பாகூரில் நாற்று நடும் தாய்க்குத் தெரியாது. “உதவித்தொகை நிற்காமலிருக்க இதைத் தொடு” என்று அவளுக்கு ஒரு செய்தி வருகிறது. அந்த விலாசம் சர்க்காருடையதா, திருடனுடையதா? எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் அவள் கண்டுபிடிக்க முடியாது. தமிழில் இருந்தால் எழுத்துக்கூட்டியாவது படிப்பாள்.

இயந்திரத்தால் முடியாது என்பது பழைய கதை. பெயரைச் சொன்னால் அந்தக் கம்ப்யூட்டரின் எண்ணைத் தேடித்தரும் ஏற்பாடு 1983-ல் அமெரிக்காவில் உருவானது. ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு தவிர வேறெதையும் அது அறியாது. 2003-ல் இதற்கு வழி பிறந்தது. நாம் தமிழில் தட்டினால், நம் கருவியே அதை ‘எக்ஸ்என்’ என்று தொடங்கும் ஆங்கிலச் சரமாக மாற்றித் தேடும். 2010-ல் ‘.இலங்கை’ வந்தது. 2011-ல் ‘.சிங்கப்பூர்’ வந்தது, ‘.இந்தியா’வும் வந்தது. அன்று இந்தியாவுக்குக் கிடைத்த ஏழு எழுத்துக்களில் தமிழும், ஏனாமின் தெலுங்கும் இருந்தன. மாஹேயின் மலையாளம் பின்னால்தான் சேர்ந்தது.

ஒத்த சாயலுள்ள எழுத்துக்களை வைத்து ஏமாற்றுவார்களே என்கிறார்கள். உண்மைதான். ரஷ்ய ‘அ’வும் ஆங்கில ‘ஏ’யும் கண்ணுக்கு ஒன்றே. தமிழிலும் மலையாளத்திலும் அப்படிச் சில உண்டு. ஒரே பெயரில் இரு மொழி எழுத்தைக் கலக்கக்கூடாது என்று விதி செய்தால் பெரும்பகுதி தீரும். ரஷ்யர்கள் 2010-ல் தம் எழுத்தில் விலாசம் பெற்று, லட்சக்கணக்கில் பதிந்துவிட்டார்கள். அங்கே எந்த வானம் இடிந்து விழுந்தது?

தடை வேறிடத்தில் இருக்கிறது. தமிழ் விலாசத்தை எழுதினால் ‘தவறு’ என்று திருப்பியனுப்பும் பழைய விண்ணப்பப் படிவங்களை யாரும் திருத்தவில்லை. லாபம் வராத வேலை என்று கம்பெனிகள் விட்டுவிட்டன. சர்க்காருக்கு என்ன வந்தது? தமிழை ஆட்சிமொழியாக்கிய புதுவைச் சட்டம் 1965-லேயே வந்துவிட்டதே!

நாம் கேட்பது இதுதான்: புதுவை அரசின் ஒவ்வொரு துறைக்கும் ‘.இந்தியா’வில் தமிழ் விலாசம் வேண்டும். காரைக்காலுக்கும் அதுவே. மாஹேக்கு மலையாளம், ஏனாமுக்குத் தெலுங்கு. ரேஷன் அட்டையிலும், உதவித்தொகைக் கடிதத்திலும் அந்த விலாசத்தைக் கொட்டை எழுத்தில் அச்சிட வேண்டும்.