புகை அடிச்சா டெங்கு போயிடுமா? ஒரு பூவிலிருந்து ஆரம்பிப்போம்

1/ தெருவுல ரெண்டு பேருக்கு டெங்குன்னு தெரிஞ்சதும் வர்ற முதல் கேள்வி, "எங்க ஏரியாவுக்கு எப்ப சார் புகை அடிப்பாங்க?" பதிலுக்கு முன்னாடி ஒரு பூவைப் பத்திச் சொல்லிடுறேன்.

2/ பேரு பைரெத்ரம். சொந்த ஊர் மத்தியதரைக் கடல் பக்கம், இன்றைய குரோஷியாவின் டால்மேஷியா கடற்கரை. வெள்ளை இதழ், நடுவுல மஞ்சள். நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு வர்ற நம்ம செவ்வந்திக்கு ஒண்ணுவிட்ட சொந்தம்.

3/ இந்தப் பூவுல இருக்கிற பைரெத்ரின் பூச்சியோட நரம்பைத் தாக்கும், பூச்சி உடனே சுருண்டு விழும். மனுஷ உடம்பு இதைச் சீக்கிரம் உடைச்சு வெளியேத்திடும். ஜப்பான்ல இந்தப் பூப்பொடியில செஞ்ச கொசுவர்த்திச் சுருள் 1902-லயே விற்பனைக்கு வந்துடுச்சு. இப்ப பிளக்ல மாட்டுற லிக்விட்ல இருக்கிறது இதோட செயற்கை வாரிசு.

4/ டெங்கு வந்த வீட்டுக்குள்ள சுகாதாரத்துறை அடிக்கிற மருந்தும் இந்தப் பூச்சாறுதான். 2% பைரெத்ரம் 1 பங்கு, மண்ணெண்ணெய் 19 பங்கு.

5/ ஆனா வெளிச்சம் பட்டா இது சீக்கிரம் சிதைஞ்சுடும். பறக்கிற கொசு சாகும், டிரம்ல நெளியிற புழு சாகாது. ஏடிஸ் முட்டை கொசுவாக 7 முதல் 10 நாள் போதும். இன்னைக்கு அடிச்சா அடுத்த வாரமே புதுக் கூட்டம் ரெடி.

6/ தினமும் குழாய்ல தண்ணி வராத தெருவுல "டிரம் வைக்காதீங்க"ன்னு சொல்றது நியாயமே இல்ல. வைங்க, ஆனா துணி கட்டி மூடுங்க. வாரம் ஒரு நாள் காலி பண்ணி உள்பக்கம் தேய்ச்சுக் கழுவுங்க. சுவர்ல ஒட்டின முட்டை தண்ணியே இல்லாம மாசக்கணக்குல உயிரோட இருக்கும்.

7/ அபேட் ஊத்த வர்றவங்களை "குடிக்கிற தண்ணியில மருந்தா?"ன்னு திருப்பி அனுப்பாதீங்க. லிட்டருக்கு 1 மில்லிகிராம்தான் அளவு. குடிநீர்லயே பயன்படுத்தலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொன்ன அளவு அது. கொளுத்தற வெயில்ல வீடு வீடா ஏறி இறங்குற அவங்கதான் எங்க வார்டுக்கு வர்ற கூட்டத்தைக் குறைக்கிறாங்க.

8/ புகை கண்ணுக்குத் தெரியும், அதனால வேலை நடந்த திருப்தி எல்லாருக்கும் வந்துடுது. கவுன்சிலர்கிட்ட அடுத்த தடவை கேள்வியை மாத்திக் கேளுங்க: "தண்ணி எத்தனை நாளைக்கு ஒரு தடவை விடுவீங்க?" டெங்குவுக்கான நிஜ மருந்து அந்தப் பதில்லதான் இருக்கு.

9/ கடைசியா ஒண்ணு. காய்ச்சல் விட்ட பிறகு வயித்து வலி, நிக்காத வாந்தி, ரத்தக்கசிவு, ரொம்ப சோர்வு இருந்தா "அதான் காய்ச்சல் விட்டுடுச்சே"ன்னு வீட்ல உக்காராதீங்க. உடனே ஜிஎச் வாங்க.