கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியர்களின் வேலைப்பளு: சேவை மனப்பான்மை மட்டும் போதுமா?

ஆசிரியராக இருக்கும் நண்பரிடம் "வார இறுதியில சந்திக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். "மார்க்கிங் இருக்கே!" என்ற பதில் வரலாம்.

அது சாக்கு அல்ல.

சிங்கப்பூர் ஆசிரியர்கள் வாரத்துக்குச் சுமார் 47 மணி நேரம் வேலை செய்கின்றனர். ஓஇசிடி எனும் பொருளியல் ஒத்துழைப்பு, மேம்பாட்டு அமைப்பின் 2024 ஆய்வு அதைக் காட்டியது. அமைப்பின் சராசரி சுமார் 41 மணி நேரம்.

பாடம் நடத்துவதுதான் பாரமா?

அப்படித் தெரியவில்லை. இங்கு ஆசிரியர்கள் வகுப்பில் பாடம் நடத்துவது வாரத்துக்குச் சுமார் 18 மணி நேரம்தான். ஓஇசிடி சராசரியோ சுமார் 23 மணி நேரம்.

மீதி நேரம் எங்கே போகிறது? பாடங்களைத் தயாரிப்பது, கட்டுரைகளைத் திருத்துவது, இணைப்பாட நடவடிக்கை, நிர்வாக வேலை, பெற்றோருடன் பேசுவது... பட்டியல் நீளம்.

கத்தோலிக்கப் பள்ளிகளில் என்ன வித்தியாசம்?

செயின்ட் ஜோசஃப்ஸ் கல்வி நிலையம் 1852இல் தொடங்கியது. சிஎச்ஐஜே கான்வென்ட் 1854இல் வந்தது. இன்று கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலானவை அரசாங்க உதவி பெறும் பள்ளிகள். பாடத்திட்டமும் தேசியத் தேர்வுகளும் மற்றப் பள்ளிகளைப் போலத்தான்.

அதற்கு மேல் திருப்பலி, புனிதர்களின் விழா நாள்கள், சமூகச் சேவைத் திட்டங்கள் என்று ஏற்பாடுகள் சேரும்.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. கத்தோலிக்க மரபில் கற்பித்தல் சம்பளத்துக்குச் செய்யும் வேலை மட்டுமல்ல, இறை அழைத்தல். சிஎச்ஐஜே பள்ளிகளின் முழக்கவரியே கடமையில் உறுதியாக இருக்கச் சொல்கிறது.

நல்ல விஷயம்தான். களைத்துப்போன நாளில் பலரை எழுந்து நிற்க வைப்பதும் அந்த உணர்வுதான். ஆனால், "இது சேவை" என்று மனத்தில் பதிந்துவிட்டால், "என்னால முடியல" என்று சொல்வது குற்றம்போலத் தோன்றும். கூடுதல் பொறுப்பு வரும்போது மறுக்க மனசு வராது.

அதே சமயம் இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். ஓய்வு நாளைப் புனிதமாக அனுசரிப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கட்டை மூடிவைப்பது அந்த மரபுக்கு எதிரானதல்ல, அதற்குள்ளேயே இருப்பது.

நீங்கள் ஆசிரியரா? இவை உதவலாம்

● எல்லைகளைப் பயன்படுத்துங்கள். சொந்தத் தொலைபேசி எண்ணைப் பெற்றோரிடம் தர வேண்டியதில்லை என்று கல்வி அமைச்சு 2024 செப்டம்பரில் தெளிவுபடுத்தியது. அவசரம் இல்லையென்றால், வேலை நேரத்துக்குப் பிறகு வரும் செய்திகளுக்கு உடனே பதில் சொல்லவும் தேவையில்லை.

● புதிய பொறுப்பு வந்தால் உடனே "சரி" சொல்லாதீர்கள். இப்போது செய்யும் வேலைகளை எழுதித் துறைத் தலைவரிடம் காட்டுங்கள். "இதை எடுத்துக்கிறேன், எதைக் குறைக்கலாம்?" என்று கேளுங்கள்.

● எல்லாப் பயிற்சியையும் வரிக்கு வரி திருத்த வேண்டுமா? சிலவற்றில் பொதுவான தவறுகளை மட்டும் குறித்துக்கொண்டு, வகுப்பில் சேர்த்து விளக்கலாம்.

● தூக்கம் கெடுகிறது, காலையில் பள்ளியை நினைத்தாலே பயமாக இருக்கிறது என்றால் தள்ளிப்போடாதீர்கள். 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது.

பள்ளி செய்ய வேண்டியது?

இவை எல்லாம் சமாளிக்க உதவும். வேலையின் அளவைக் குறைக்காது. புதிய நிகழ்ச்சி ஒன்றைச் சேர்க்கும் பள்ளி, பழையது ஒன்றை நிறுத்தவும் தயாராக இருக்க வேண்டும். விழா ஏற்பாட்டுக்கு ஆகும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கிட வேண்டும்.

நீங்கள் ஆசிரியர் இல்லையா? உங்கள் தம்பி, தங்கையின் ஆசிரியருக்கு இரவு 10 மணிக்குச் செய்தி அனுப்பத் தோன்றினால், காலைவரை பொறுத்திருங்கள். அதுவும் உதவிதான்.